இது போதும்

கார்ப் பந்தயக்காரர் பட்டறைக்குத் தர வேண்டிய பாக்கி முப்பத்தெட்டாயிரத்து நானூறு. கரும்பலகையில் தம்பிதான் எழுதி வைத்திருந்தான். அதற்கு நேர் கீழே இருந்த நீள மேசையை மூன்றாவது முறையாக இப்போது துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கத் துடைக்க கிரீஸ் வேறு எங்கோ போய் ஒட்டிக்கொண்டது.

வீடு மூன்றாம் மாடியில். படிக்கட்டில் எதிரெதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். இரவில் இறந்துபோன அண்ணனைப் படுத்தவாக்கில் மேலே கொண்டுபோக வழியில்லை. ஆஸ்பத்திரி வண்டி வந்ததும் கீழே பட்டறையில், இந்த மேசையில்தான் கிடத்த வேண்டும்.

"காரைத் தள்ளிடலாமா சின்ன மேஸ்திரி?" என்றார் பந்தயக்காரர். செய்தி கேட்டு விடிந்ததுமே வந்துவிட்டார். நடுப்பட்டறையில் நின்றது அவர் கார். பானட் திறந்திருந்தது, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ இருக்க வேண்டிய இடத்தில் குழாய் வாய்களைத் துணி அடைத்துக் கட்டியிருந்தார்கள். இருவரும் தோள் கொடுத்துச் சுவரோரம் தள்ளினார்கள்.

மேசையில் மிச்சம் இருந்தது இரண்டு பெட்டிகள். ஒன்றில் சின்ன டர்போ. இன்னொன்றில் பெரியது. சின்னதுக்குப் பந்தயக்காரர் கொடுத்த முன்பணமே சரியாகப் போய்விடும். பெரியது என்றால்தான் அந்த முப்பத்தெட்டாயிரத்து நானூறு. பெரியதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் தம்பி முன்கூட்டியே எழுதியது அது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் மூன்று நாளாக அண்ணன் இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்தார். விரல் நுனியால் உள்ளிருக்கும் காற்றாடிச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, நிற்கும்வரை காது கொடுத்துக் கேட்டார். "எந்த ரோட்டுல ஓட்டுவீங்க?" என்று பந்தயக்காரரிடம் இரண்டு தடவை கேட்டார். வாய் திறந்து முடிவைச் சொல்வதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தம்பி பெட்டிகளைத் தூக்கி அலமாரியில் வைத்தான். பிறகு இறக்கித் தரையில் வைத்தான். மறுபடியும் அலமாரியில் வைத்தான்.

"உக்காருங்க கொஞ்சம்," என்றார் பந்தயக்காரர்.

"வண்டி வந்துடும்."

வந்தது. நான்கு பேர் பிடித்து அண்ணனை மேசையில் கிடத்தினார்கள். அண்ணி பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அழவில்லை. போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். அது நேராகத்தான் இருந்தது.

"நேத்து நான் செஞ்சது சரிதானே தம்பி?" என்றார் மெல்ல. "தொண்டையில குழாய் போடலாமான்னு டாக்டர் கேட்டுட்டு இருக்கும்போதுதான் அவரு போதும்னாரு. நீ பக்கத்துலதானே நின்னே. கேட்டல்ல?"

"கேட்டுச்சு அண்ணி."

கேட்டது. அவனுக்கு முழுதாகக் கேட்டது. கட்டிலின் இந்தப் பக்கம் நின்று, செல்போனில் இரண்டு டர்போக்களின் படத்தையும் காட்டி, "எதுண்ணே?" என்று கேட்டிருந்தான் அவன். மாஸ்க்குக்குள்ளிருந்து "இது போதும்" என்று வந்தது. அண்ணனின் விரல் சின்னதன்மேல் இருந்தது. கதவருகே டாக்டரோடு நின்ற அண்ணிக்கு அவர் விரல் எதன்மேலோ நீண்டது தெரிந்தது, கடைசிச் சொல் மட்டும் எட்டியது. "பாத்தீங்களா டாக்டர், அவரே போதும்ங்கறாரு. குழாய் வேணாம்." அப்போதே சொல்லியிருக்கலாம். சாகக் கிடக்கிறவரிடம் சாமான் விசாரித்த வெட்கத்தில் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். டாக்டரும் சரி என்று தலையசைத்துவிட்டுப் போனார்.

வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். பந்தயக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"போதும் மேஸ்திரின்னு நாங்க பேரே வெச்சிருந்தோம்மா. விருந்துல கூட இலை போடறதுக்கு முன்னாடியே போதும்னு கைய நீட்டற ஆளு."

அண்ணியின் உதடு லேசாக விரிந்து அடங்கியது.

"ஆமா," பந்தயக்காரர் தம்பி பக்கம் திரும்பினார். "ஆஸ்பத்திரியில கேட்டுச் சொல்றேன்னீங்களே, எதைச் சொன்னாரு?"

அண்ணி நிமிர்ந்தார். "ஆஸ்பத்திரியிலயா? நீ எப்ப கேட்ட?"

தம்பி எழுந்தான். ஒரு ஸ்பேனரை எடுத்து ஆணியில் மாட்டினான். அதே ஆணியிலிருந்துதான் அதை எடுத்திருந்தான்.

"கேக்கணும்னுதான் போனேன். கேக்கல."

"அப்ப பெருசையே மாட்டிடுங்க." பந்தயக்காரர் சட்டைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்தார். "பாக்கி இருக்கு இதுல. உங்களுக்கும் இன்னிக்குச் செலவு இருக்கும், வெச்சுக்குங்க."

கவர் தடிமனாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இன்னும் பாதி கட்டவில்லை. தம்பியின் கை பாதி தூரம் போய்விட்டது.

"பந்தயம் அந்த வளைவு ரோட்டுலதானே?"

"ஆமா. நாப்பத்தோரு வளைவு."

"பெருசு லேட்டா முழிக்கும். நீங்க மிதிச்சு, அது முழிச்சு, வேகம் வரும்போது வளைவுக்கு நடுவுல இருப்பீங்க. வண்டி உங்க பேச்சைக் கேக்காது." அலமாரிக்குப் போனான். சின்னப் பெட்டியைத் திறந்து, சக்கரத்தின்மேல் விரலை வைத்தான். "இது போதும்."

"அட, மேஸ்திரியே சொன்ன மாதிரி இருக்கு."

"அவரு சொல்லல. நான்தான் சொல்றேன்."

பந்தயக்காரர் சின்னப் பெட்டியை எட்டிப் பார்த்தார். கவரை மடித்து உள்ளே வைத்தார். "அப்ப பாக்கி?"

"முன்பணத்துலயே சரியாப் போச்சு."

அண்ணி தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்தின்மேல் இருந்த அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்து முடித்துப் போயிற்று.

பிறகு ஸ்டூலை ஒதுக்கி எழுந்தார். பலகையில் இருந்த எண்ணை உள்ளங்கையால் துடைத்தார். ஒரு சுழி போகவில்லை. அதைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

வெள்ளை படிந்த அந்தக் கையோடு வந்து உட்கார்ந்து, போர்வைக்குள்ளிருந்து அண்ணனின் வலது கையை வெளியே எடுத்தார். ஆஸ்பத்திரியில் எவ்வளவு கழுவியும் அந்தச் சுட்டுவிரல் நகத்தடியில் எண்ணெய்க் கறுப்பு போகாமல் இருந்தது. அந்த விரலை மட்டும் தன் கைக்குள் மூடிக்கொண்டார்.