வெறும் வண்டியின் எடை

ராஜபாளையத்தில் சுப்புராஜ் பட்டறையில் புதுப்பிக்கப்பட்ட பழைய மூக்கு லாரி ஒன்று வருடத்துக்கு இரண்டு, இரண்டரை கிலோ வீதம் வளர்ந்து வந்தது. பதிவுப் புத்தகத்தின்படி வெறும் வண்டியின் எடை ஐயாயிரத்து நூற்று அறுபது கிலோ. 2011ஆம் வருடம் மாசி மாதம் சுண்ணாம்புக்கல் ஏற்றப் போனபோது, ஆலங்குளம் எடை மேடையில் அது ஐயாயிரத்து நூற்று எழுபத்து நான்கு காட்டியது. அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும். யானையே ஏறினாலும் கடைசி எண் பூஜ்யம்தான். இந்த லாரிக்கு மட்டும் நான்கு வந்தது. எடை போடும் மலைச்சாமி ஆளை வரவழைத்து மெஷினைச் சோதித்தார். மெஷின்மேல் குற்றமில்லை. லாரியைக் கழுவினார்கள். டீசலை வடித்தார்கள், டீசலின் எடை குறைந்தது. ஸ்டெப்னியை இறக்கினார்கள், ஸ்டெப்னியின் எடை குறைந்தது. அந்தப் பதினான்கு கிலோ மட்டும் இறங்கவில்லை. மறு வருடம் அது பதினாறாக இருந்தது. மலைச்சாமி இதைச் சீட்டில் குறித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியை ஏறச் சொன்னார்.

அந்த லாரியின் சொந்தக்காரர் அப்போது ராம்குமார். எங்கோ ஏலத்தில் துருவும் கூடுமாகக் கிடந்ததை எடுத்து வந்து சுப்புராஜிடம் ஒப்படைத்தார். சுப்புராஜ் ஏழு மாதம் அதனோடு கிடந்தார். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தார், கமான் பட்டைகளை மாற்றினார், முகப்பை டிங்கர் வேலை பார்த்து நிமிர்த்தினார். மூக்கு லாரியை அவரைப் போல உயிர்ப்பிக்க ஆள் கிடையாது என்று தென்காசி வரைக்கும் பேச்சு இருந்தது, அதை அவரும் நம்பினார். அந்த வருடம் தை மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை பூஜைக்கு நாள் குறித்தார்கள். அன்று காலை பின்பக்க இடது சக்கரத்தின் பிரேக் ரப்பர் ஒன்று மட்டும் பாக்கி. புதியது மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்குள் சக்கரங்கள் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறியாக வேண்டும் என்று ராம்குமார் கையைப் பிசைந்தார். சுப்புராஜ் பிரேக் ஆயில் கசியும் பழைய ரப்பரையே மாட்டி, பூஜை முடிந்ததும் பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். பத்து இருபதுக்குப் பழங்கள் நசுங்கின. நல்ல நேரத்தில் கிளம்பிய வண்டியை எதற்குத் திருப்புவது என்று ராம்குமார் வத்திராயிருப்புக்குத் தேங்காய் ஏற்ற அனுப்பிவிட்டார். சுப்புராஜுக்கும் போனில் சொன்னார். "சரி, மெதுவாப் போகச் சொல்லுங்க" என்றார் சுப்புராஜ். ராகுகாலம் பார்த்தவர்கள் பிரேக்கையும் பார்த்திருக்கலாம் என்று இப்போது சொல்வது எளிது.

சுந்தரபாண்டியத்தில் முத்துப்பேச்சி என்பவள் நான்கு வயது மகள் பொன்மணியை வலது கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்காக ரோட்டைக் கடந்தாள். டிரைவர் சோலைச்சாமி மிதித்த பெடல் கால் போன அளவுக்கு இறங்கியது, வண்டி நிற்கவில்லை. தாய் இந்தப் பக்கம் விழுந்தாள், பிள்ளை அந்தப் பக்கம். பயந்துபோன சோலைச்சாமி, பிள்ளை திடீரென்று குறுக்கே ஓடி வந்ததாகச் சொன்னான். வாகன ஆய்வாளர் வருவதற்கு முன் வண்டியை ஓரமாக எடுத்து நிறுத்தச் சொல்லி சுப்புராஜை அழைத்தார்கள். மதுரையிலிருந்து வந்த புது ரப்பர் அவர் சட்டைப் பையில் இருந்தது. வண்டிக்கடியில் கால் மணி நேரம் படுத்து அதை மாட்டி, கை பட்ட இடத்தில் பழைய கிரீஸையும் புழுதியையும் பூசிவிட்டு எழுந்தார். அதன் பிறகு வந்த ஆய்வாளர் மிதித்துப் பார்த்தார். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது, அப்படியே எழுதிக்கொண்டு போனார். பிரேக் நன்றாக இருந்தது என்றால் தாய்தான் கையை விட்டிருக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. பட்டாளத்திலிருந்த கணவன் வந்து பிள்ளையின் காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பிப் போனான், பிறகு அவளுக்குப் போன் செய்யவில்லை. விடவில்லை என்று ஒரு வருடம் சொல்லிப் பார்த்த முத்துப்பேச்சி அடுத்த வருடம் தானும் நம்பத் தொடங்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒற்றை அறை எடுத்துத் தங்கி, சத்திரப்பட்டிக்குப் பஸ்ஸில் போய் பேண்டேஜ் துணி மடித்தாள். சாப்பிடுவதைத் தவிர எதற்கும் வலது கையை அவள் நம்பவில்லை. துணியைக்கூட இடது கையால்தான் மடித்தாள்.

எடை கூடிக்கொண்டே போனது. ஏற்றும் சுமை அந்தமட்டும் குறைகிறதே என்று ராம்குமார் நச்சரித்ததால், 2014இல் சுப்புராஜ் லாரியை முழுவதுமாகப் பிரித்தார். செயின் புளாக்கில் எஞ்சினைத் தூக்கி வைத்தார். ஆணி, போல்ட், வாஷர் வரை எல்லாவற்றையும் தராசில் வைத்து ஒரு நோட்டில் எழுதினார். பதினோரு நாள் ஆயிற்று. மொத்தம் ஐயாயிரத்து நூற்று அறுபது வந்தது, ஒரு கிலோ கூடவில்லை. நிம்மதியாகச் சேர்த்துப் பூட்டி ஆலங்குளத்துக்கு ஓட்டிப் போனார். ஐயாயிரத்து நூற்று எண்பது காட்டியது. பூட்டும்போதுதான் அது எங்கோ உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று மலைச்சாமி அபிப்பிராயப்பட்டார்.

அவருடைய மனைவி பரிபூரணம் அங்கன்வாடியில் வேலை பார்த்தாள். மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டு அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பவள். ஒருநாள் துவைக்க எடுத்த சட்டையில் எடைச் சீட்டுகள் இருந்தன, வருட வாரியாக, கூடுதல் கிலோ ஒவ்வொன்றின் ஓரத்திலும் குறித்திருந்தது. அவள் துணியை அப்படியே போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு அட்டையை எடுத்துப் புள்ளி வைத்தாள்.

"இங்கேருங்க, இது லாரி எடை இல்ல" என்றாள். "நாலு வயசுல பதினாலு, அஞ்சுல பதினாறு, ஏழுல இருபது. பொம்பளப் பிள்ள. நல்லாத்தான் வளந்திருக்கா. யாரு இது?"

சுப்புராஜ் உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். பரிபூரணம் அந்த அட்டையைச் சீட்டுகளோடு சேர்த்துக் கட்டி வைத்தாள். ஐந்தாம் நாள் சோற்றை வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளையோட அம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும்" என்றாள். சொல்கிறேன் என்றார். பத்து வருடம் சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மூன்று முறை போனார். ஒருமுறை அவள் தெருவிலேயே நின்றார், அவள் இடது கையால் குடம் தூக்கிப் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ஜெயிலுக்கு அவர் பயந்தது உண்மைதான். அதைவிட, சுப்புராஜ் வேலையில் பிழை என்று ஊர் சொல்லுமே என்று பயந்தார். இதை மறைத்து எழுத வேண்டிய அவசியம் இல்லை.

சொல்வதற்குப் பதிலாக அவர் லாரியைப் பார்த்துக்கொண்டார். 2018இல் ராம்குமார் புது வண்டிகள் வாங்கிக்கொண்டு பழையதை உடைக்கக் கொடுக்கப் போனபோது, குறுக்கே விழுந்து வாங்கினார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஆயில், வருடம் தவறாமல் எஃப்.சி., மழை என்றால் தார்ப்பாய். பிரேக்கை மட்டும் தினமும் பார்த்தார். ஆனால் ஓடாத வண்டி கெட்டுவிடும் என்பது தொழில் சொல்லும் நியாயம், அதனால் சுண்ணாம்புக்கல் நடையும் விடாமல் அடித்தார். 2023இல் கூடுதல் எடை நாற்பத்து நான்கு. மறு வருடம் வைகாசியில் மேடை ஏற்றியபோது, மலைச்சாமி இரண்டு முறை பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கொறஞ்சிருக்கு" என்றார். நாற்பத்தொன்று. சுப்புராஜ் பட்டறைக்கு வந்து பம்ப், பேரிங், ஹவுசிங் எல்லாம் புதுசாக்கினார். அடுத்த வாரம் நாற்பது. அவருக்குத் தெரிந்த எந்த வேலையும் அதற்கு உதவவில்லை. மறுநாள் காலை சத்திரப்பட்டிக்குப் போய், துணிக் குவியலுக்கு நடுவே முத்துப்பேச்சியின் முன்னால் நின்றார்.

"அன்னைக்கு வண்டில பிரேக் பிடிக்கல தாயி. ரப்பர் மாத்தாம அனுப்பினது நான். ஆபீசர் வாரதுக்கு முன்னாடி மாத்தி வச்சதும் நான்தான்."

முத்துப்பேச்சி கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள்.

"அப்ப நான் கைய விடலையா?"

"விடல. சோலைச்சாமி எங்கிட்டச் சொல்லியிருக்கான். வண்டி வந்து மோதுற வரைக்கும் பிடிச்சுத்தான் இருந்தீக."

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதச் சொல்ல பதிமூணு வருசமா அண்ணாச்சி?" என்றாள். அவர் எடைச் சீட்டுகளையும் பரிபூரணம் கோடு இழுத்த அட்டையையும் நீட்டினார். விவரம் சொல்லத் தொடங்குவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்படி, ஏன் என்று எதையும் கேட்கவில்லை. கடைசிச் சீட்டைப் பார்த்துத்தான் நெற்றியைச் சுருக்கினாள்.

"எளச்சுட்டாளே. என்ன வேல குடுக்கீங்க அவளுக்கு?"

"கல் நடை" என்றார் சுப்புராஜ்.

"பதினேழு வயசுப் பிள்ளையக் கல்லா சுமக்கச் சொன்னீக?" அங்கே துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முத்துப்பேச்சி அழுதாள். பதிமூன்று வருடத்தில் அவள் சத்தம் போட்டு அழுதது அன்றுதான்.

அன்றிலிருந்து அந்த லாரி எதையும் ஏற்றுவதில்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சுப்புராஜ் அதை ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் தெருமுனைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவள் தூக்குவாளியோடு கேபினில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு மணி நேரம் அவருக்கு அங்கே அனுமதி இல்லை, ரோட்டில் நிற்பார். இறங்கும்போது வாளி காலியாக இருக்கும். தெருவில் யாரும் அதை விசேஷமாக நினைப்பதில்லை. சுப்புராஜ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தார். கூப்பிடுவோம் என்றார்கள், இன்னும் கூப்பிடவில்லை. கைலியும் துண்டும் வைத்த பை ஒன்று பட்டறையில் தயாராக இருக்கிறது. பட்டறைக்கு வரும் வண்டிகள் பாதியாகக் குறைந்துவிட்டன. மன்னித்தேன் என்று முத்துப்பேச்சி சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இந்த ஆனி மாதம் பொன்மணிக்குப் பதினெட்டு முடிந்து ஆறு மாதம். லாரி மேடையில் ஏறியதும் முத்துப்பேச்சி இறங்கிக்கொண்டாள், தன் எடை மகள் எடையோடு கலந்துவிடக் கூடாது என்று. "எஞ்சின அமத்துங்க, அசையுது" என்றாள். சுப்புராஜ் அமர்த்திவிட்டு இறங்கித் தள்ளி நின்றார். எண்கள் ஓடி நின்றன. "நாப்பத்தாறு" என்றார் மலைச்சாமி. வண்டி எண்ணுக்குக் கீழே பொன்மணி என்று பெயரையும் எழுதிச் சீட்டைக் கிழித்து நீட்டினார். முத்துப்பேச்சி அதை வலது கையால் வாங்கிக்கொண்டாள்.