பின்கம்பியில் ஒரு வாசல்

ரம்பம் பாதிக் குழாயைத் தாண்டியபோது அவர் குரல் கொடுத்தார்.

“மெதுவா. பிளேடு சூடாயிடும்.”

“நீங்க பேசாம வெயில் காயுங்க. எனக்குத் தெரியும்.”

அவளுக்குத் தெரியும்தான். ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் பட்டறையில் குழாய் அறுத்து, வளைத்துக் காய்ப்புக் காய்த்த கை. யார் யாரோ நோயாளிகள் உருண்டு விழாமலிருக்கக் கம்பி வைத்தவள், இன்று புருஷனுக்காக அவருடைய பாய்மரப் படகின் பின்விளிம்பில் தடுப்பாக நின்ற பின்கம்பியை அறுத்துக்கொண்டிருந்தாள்.

படகின் பின்பக்கம் துறையோடு ஒட்டி நின்றது. அவர் துறையில் நாற்காலி போட்டு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி டாக்டர் சொல்லிவிட்டார். இவர் வீட்டுக்குப் போகாமல் படகுக்குப் போக வேண்டும் என்றார். ஆனால் கம்பியைத் தாண்டக் கால் தூக்க முடியவில்லை.

“ரெண்டு பேர் சேர்ந்து தூக்கி உள்ள வச்சிடறோம் சார்,” என்றார் பக்கத்துப் படகுக்காரர்.

“நான் என்ன மீன் கூடையா? நடந்துதான் ஏறுவேன்.”

அதனால்தான் இந்த வேலை. குழாயை அறுத்தால் கம்பி முழுக்கத் தொளதொளவென்று ஆகிவிடும். அதற்காக முதலில் வெட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் புதுத் தாங்குகால்களை நிறுத்தினாள். பக்கத்துப் படகுக்காரர் உள்ளே ஏறி, தளத்துக்கு அடியில் நட்டு முடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் ஏறவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை அந்தக் கம்பியைத் தாண்டப்போய், வழுக்கி, கணுக்கால் எலும்பு விரிசல் விட்டது. “இங்க ஒரு கதவு வைங்களேன், நானும் வர்றேன்,” என்று கேட்டாள். “கம்பிய வெட்டினா படகு மூளியாயிடும்,” என்றார். அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனியாகக் கடலுக்குப் போவார். அவள் தனியாகச் சாப்பிடுவாள். சண்டை ஒன்றும் இல்லை.

மேல்குழாய் அறுந்தது. கீழ்க்குழாயும் அறுந்தது. அறுத்த துண்டையே கதவாக்கி, கீல் பொருத்தினாள்.

“எந்தப் பக்கம் திறக்கும்?”

“உள்பக்கம். சாஞ்சா ஆள் தண்ணியில விழக்கூடாதில்ல?”

“கெட்டிக்காரிதான்,” என்றார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்கியது.

வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். அவள் அரம் எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். அந்தக் கிறீச்சுச் சத்தத்துக்கு நடுவே முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் சொன்னார்.

“அப்பவே வெட்டியிருக்கலாம்.”

காதில் விழுந்தது. விழாததுபோல் தேய்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு தரம் சொல்லட்டும் என்று.

அவர் சொல்லவில்லை. விளிம்பு வழவழப்பாகி வெகுநேரம் ஆன பிறகும் தேய்த்தாள். பிறகு தாழ்ப்பாளை மாட்டி, கதவைத் தள்ளிப் பார்த்தாள். சத்தமில்லாமல் திறந்தது.

“ஏங்க, ஆச்சு. எழுந்திரிங்க.”

தாடை நெஞ்சில் பதிந்திருந்தது. அருகில் போய்க் கையைத் தொட்டாள். சூடாக இருந்தது. வெயிலின் சூடா, உடம்பின் சூடா என்று தெரியவில்லை. போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகுதான் பக்கத்துப் படகுக்காரரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் வந்து பார்த்தார். “கடைசியா எப்பம்மா பேசினார்?”

“நான் அரம் போட்டுக்கிட்டிருந்தேன். ஏதோ சொன்னார்.”

“என்ன சொன்னார்?”

“சரியா காதுல விழல.”

மகளுக்குப் போன் போட்டாள். எடுத்தவுடனே, “அப்பா ஏறிட்டாராம்மா?” என்றாள் மகள்.

“நீ கிளம்பி வா,” என்றாள். மறுமுனையில் அழுகை தொடங்கியது. இவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

வண்டி வந்தது. ஆட்கள் தூக்கும்போது பக்கத்துப் படகுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அக்கா, ஒரு நிமிஷம் உள்ள கொண்டுபோய் வச்சிட்டு எடுக்கலாமா? அவ்ளோ ஆசைப்பட்டாரே.”

“வேணாம்பா. நடந்துதான் ஏறுவேன்னாரு.”

“நீங்களும் வண்டியில ஏறுங்க.”

“சாமானையெல்லாம் எடுத்து வச்சுட்டுப் பின்னாலயே வர்றேன்.”

வண்டி போய்விட்டது. ரம்பத்தைத் துடைத்தாள். இரும்புத்தூளைக் கையால் கூட்டி அள்ளினாள். பெட்டியை மூடி, அதன் பக்கத்தில் செருப்பைக் கழற்றி வைத்தாள். திறந்திருந்த கதவு வழியாகக் காலைத் தூக்காமல் உள்ளே போனாள்.

கூரையில்லாத அந்தப் பின்கட்டில் எதிரும் புதிருமாக இரண்டு பலகைகள். ஒன்றில் மெத்தை நைந்து குழி விழுந்திருந்தது. மற்றதில் துணி வெளுக்காமல் இருந்தது. அவள் புதிதாயிருந்ததில் உட்கார்ந்தாள்.

எதிரே கனம் இல்லாததால் படகு அவள் பக்கம் மெல்லச் சாய்ந்தது. நடுவில் நகர்ந்து உட்கார்ந்தால் நேராகிவிடும். அவள் நகரவில்லை.