சனிக்கிழமை ஜாஸும் காற்று அறிவித்தலும்

வானொலியில் முகம் தெரியாது. யசிந்தாவுக்குத் தன் தொழிலில் மிகவும் பிடித்த சங்கதி அதுதான். குரலில் தேனை ஊற்றிக்கொண்டே முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். சனிக்கிழமை மாலைகளில் அவள் முகம் புளித்த கள்ளைக் குடித்தவளின் முகம்போல இருக்கும்.

மன்னார் நகரத்தில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இயங்கியது கரைக்குரல் வானொலி. மற்ற நாட்களில் மாலை ஆறரைக்குக் கடல் நிகழ்ச்சி போகும். காற்று எந்தப் பக்கம், எங்கே சூடை மீன் பட்டது, ஐஸ் கம்பனி திறந்திருக்கிறதா என்று வள்ளங்களில் இருப்பவர்கள் சின்ன ரேடியோவைக் காதில் வைத்துக் கேட்பார்கள். சனிக்கிழமைகளில் மட்டும் அந்த ஒரு மணித்தியாலத்தைக் கரையோர இராணுவ முகாமின் ஜாஸ் குழு எடுத்துக்கொண்டது. முகாமின் மண்டபத்தில் அவர்கள் வாசிப்பார்கள். அது நேரடியாக நிலையத்துக்கு வரும். யசிந்தா ஒலிப்பதிவுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து, கப்டன் ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழில் சொல்ல வேண்டும்.

கப்டன் தெனுவர சாக்ஸபோன் வாசிப்பவர். வாசிப்பதைவிடப் பேசுவதில் அவருக்கு மூச்சு அதிகம். ஜாஸ் விடுதலையின் இசை என்று வாரம் தவறாமல் சொல்வார். யசிந்தா ஒருமுறை ஒத்திகை பார்க்கப் போயிருந்தாள். இஸ்திரி போட்ட சீருடையில் விறைத்து நின்றவர்கள், கப்டன் விரலை உயர்த்தியதும் ஒவ்வொருவராக எழுந்து, தாளில் எழுதியிருந்ததைப் பார்த்து, மனம் போன போக்கில் வாசிப்பதாகப் பாவனை செய்துவிட்டு உட்கார்ந்தார்கள். விடுதலையாக வாசிப்பதற்கும் அங்கே உத்தரவு வேண்டியிருந்தது. இதைவிட எங்கள் கோயில் பாண்டுக்காரர் குடித்துவிட்டு வாசிப்பது எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள்.

முகாமைச் சொல்லி என்ன, நிலைய முகாமையாளர் றெனால்ட் அதைவிட மோசம். கச்சேரிக்கு நேயர்கள் அழைப்பதில்லை என்று கப்டன் குறைப்பட்டதும், கீழே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த தன் மச்சாளை ஏற்பாடு செய்துவிட்டார். அந்த மனுசி ஒரு வாரம் வெள்ளாங்குளத்திலிருந்து பேசினாள், அடுத்த வாரம் கட்டுக்கரையிலிருந்து பேசினாள். பெயர் மாறியது, இருமல் மாறவில்லை. "இனிமையாக இருக்கிறது, தொடர்ந்து வாசியுங்கோ" என்று அவள் சொல்ல, யசிந்தா தேன் குரலில் நன்றி சொல்வாள்.

இவர்களையெல்லாம் அற்பமாக நினைப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அது வீட்டுக்குள் வந்தபோதுதான் சுட்டது.

அவள் கணவன் மில்ரன் அரிப்புக் கிராமத்தில் வள்ளத்து எஞ்சின்கள் திருத்துபவன். திருநாளிலும் செத்தவீட்டிலும் கோயில் பாண்டில் கிளரினெட் வாசிப்பான். உள்ளூர்க் கலைஞர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் நல்லிணக்கமாக இருக்கும் என்று கப்டனுக்குத் தோன்ற, றெனால்ட் மில்ரனின் பெயரைக் கொடுத்துவிட்டார். மில்ரன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓம் சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாட்டில் அதைப் பெருமையாக எடுத்து வைத்தான்.

"எங்கட ஆக்கள் ஒருத்தரும் இதுவரைக்கும் அங்க வாசிக்கேல்லை" என்றான்.

"வாசிக்காமல் இருந்ததுக்கு ஒரு காரணம் இருக்கும்" என்றாள் அவள்.

காரணம் அவனுக்குத் தெரியாததல்ல. அந்த மண்டபம் நிற்கும் இடத்தில், முகாம் வருமுன், அவளுடைய மாமன்மார் கருவாடு காயவைத்த வாடி இருந்தது. ஆனால் மில்ரன் அப்படித்தான். பங்குச் சுவாமிக்கும் குனிவான், வள்ளங்கள் வைத்திருக்கும் சம்மாட்டிக்கும் குனிவான், சோதனைச்சாவடியில் நிற்கும் ஆமிப் பொடியனையும் 'சேர்' என்று கூப்பிடுவான். கல்யாணமான புதிதில் அதைச் சாதுவான குணம் என்று நினைத்தவள், வருடம் போகப் போக முதுகெலும்பு இல்லாத குணம் என்று முடிவு கட்டிவிட்டாள்.

பட்டறையில் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு மாலையும் அவன் பழகினான். கச்சேரிக்குப் போடக் கறுப்புச் சேட்டு ஒன்று தைப்பித்தான். பழகி முடித்துவிட்டு வந்து, எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்பான். செத்தவீட்டில் வாசிக்கிற மாதிரித்தான் இருக்கிறது என்று அவள் ஒருநாள் முகத்தில் அடித்தாற்போலச் சொன்னாள். அவன் கோபிக்கவில்லை. ஜாஸும் சவ ஊர்வலங்களோடு வளர்ந்ததுதானாம், கப்டன் சொன்னவர் என்றான். கப்டன் சொன்னவர் என்ற அந்த வால் இல்லாதிருந்தால் அவளும் அதை ரசித்திருப்பாள்.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை அது. காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தாலும் கடல் அசையாமல் இருந்ததால் அரிப்பிலிருந்து வள்ளங்கள் வழமைபோல இறங்கியிருந்தன. கச்சேரி தொடங்கியது. கப்டன் விடுதலையைப் பற்றிப் பேசினார், யசிந்தா தமிழில் விடுதலை கொடுத்தாள். பிறகு அவர் மில்ரனின் பெயரை மெல்டன் என்று அழைத்து, இந்த மண்ணின் மைந்தன் என்று அறிமுகம் செய்தார். மண் யாருடையது என்று அவள் மொழிபெயர்க்கவில்லை.

மில்ரன் வாசிக்கத் தொடங்கிய நேரத்தில் றெனால்ட் கையில் ஒரு துண்டுக் கடுதாசியோடு கதவைத் திறந்தார். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் ரெலிபோனில் வந்திருந்தது. தாழமுக்கம் திடீரென்று பலத்துவிட்டது, மன்னார்க் கடலில் கடும் காற்று வீசும், கடலில் இருப்பவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும். கச்சேரி முடிந்ததும் வாசிக்கும்படி அவர் சொன்னார்.

"இன்னும் அரை மணித்தியாலம்தானே மிஸ். நடுவில வெட்டினா கப்டன் என்ன நினைப்பார்?"

"கடலில நிக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம், சேர்?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

ஹெட்போனுக்குள் மில்ரன் தனியாக வாசித்துக்கொண்டிருந்தான். மற்ற வாத்தியங்கள் நின்றுவிட்டன. ட்றம்ஸ்காரர் மட்டும் தோலைத் தடவிக்கொண்டிருந்தார். மெதுவான சுரம் ஒன்று வளைந்து, தயங்கி, திரும்பி மேலே ஏறப் பார்த்தது. அங்கே தாளும் இல்லை, உத்தரவும் இல்லை. நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் அவளால் பொறுக்க முடியாத காரியம். அந்த மண்டபத்தில், அந்தக் கப்டனுக்கு முன்னால், இந்த மனுசன் இப்படி வாசிக்க வேண்டுமா?

இவனுடைய வாசிப்புக்கு மூன்று நிமிடம் என்று அவளுக்குத் தெரியும். அதன் பிறகு கப்டன் மறுபடியும் பேசுவார். பேச்சை வெட்டி அறிவித்தலை வாசிக்கலாம், ஒருவருக்கும் நட்டமில்லை. தூரத்தில் நிற்கும் வள்ளத்துக்கு மூன்று நிமிடத்தால் பெரிய வித்தியாசமும் வராது. இதெல்லாம் தெரிந்துகொண்டே, சுரம் மேலே ஏறிய அந்த இடத்தில், அவள் விரலால் சத்தத்தை முழுவதுமாக இறக்கினாள்.

அறிவித்தலை வாசித்தாள், மறுபடியும் வாசித்தாள். கரையில் இருப்பவர்கள் லொறிகளின் முன்விளக்குகளைக் கடலைப் பார்த்துப் போடும்படி கேட்டாள். றெனால்ட் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். கச்சேரிக்கு அவள் திரும்பவேயில்லை. ரெலிபோன்கள் அடிக்கத் தொடங்கின. சிலாபத்துறையிலிருந்து சம்மாட்டி நுஃமான் கூப்பிட்டு, தன் வள்ளங்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னார். ஒரு பெண் அழுதுகொண்டே மகனின் பெயரைச் சொன்னாள். யசிந்தா எல்லாவற்றையும் ஒலிபரப்பில் சொன்னாள். இருமலோடு பேசும் நேயர் அன்றைக்குக் கூப்பிடவில்லை.

வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்துகொண்டிருக்கும்போதே காற்று எழும்பிவிட்டது. ஒன்று மட்டும் கரைக்குப் பக்கத்தில் கவிழ்ந்தது. ஆட்கள் நீந்தி ஏறினார்கள், எஞ்சின் போய்விட்டது.

மில்ரன் அன்றிரவு வீட்டுக்கு வரவில்லை. காற்றுச் சத்தம் கேட்டு முகாமிலிருந்து நேரே கரைக்குப் போய் வள்ளம் இழுத்திருக்கிறான். விடிந்த பிறகு வந்தான். புதுச் சேட்டில் உப்புப் பூத்திருந்தது. மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் ஒலிபரப்பு நின்றது தெரியாது. மன்னார் முழுக்கத் தன்னைக் கேட்கிறது என்று நினைத்துக் கடைசிவரை வாசித்து, கைதட்டலும் வாங்கியிருக்கிறான். கரையில் கயிறு பிடித்து நின்றவர்கள்தான் அவனுக்குச் சொன்னார்கள், உன் மனுசி எங்களைக் காப்பாற்றிவிட்டாள் என்று.

அவன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எந்த இடத்தில வெட்டினனீ?"

"மேல ஏறின இடத்தில."

"அப்பதான் அறிவித்தல் வந்ததோ?"

பொய் வாய்வரை வந்தது. ஆனால் இந்த மனுசனுக்குப் பயந்து பொய் சொல்வதா என்று ஒரு வீம்பும் வந்தது. "நீங்கள் துவங்கேக்கையே வந்திட்டுது. கப்டன் பேசும் வரைக்கும் பொறுத்திருக்கலாம். பொறுக்கேல்லை" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். "வெட்டினது சரி, யசிந்தா. ஆனா நீ காத்துக்காக வெட்டேல்லை."

அவன் குரலில் குனிவு இல்லை, கோபமும் இல்லை. சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனான். அவள் அடுப்படியில் நின்று பதில் தேடினாள். ஊரே தன்னைப் புகழ்ந்துகொண்டிருக்க, எண்ணெய்க் கைக்காரன் ஒருவன் ஒரே வரியில் தன்னைப் பார்த்துவிட்டானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை கப்டன் நிலையத்துக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கச் சொல்வார் என்று றெனால்ட் நடுங்கிக்கொண்டிருந்தார். கப்டனோ புன்னகையோடு அவள் கையைக் குலுக்கினார். மீனவர்களுக்காகத் தன் குழு கச்சேரியையே விட்டுக்கொடுத்தது என்று கொழும்புக்கு அறிக்கை போய்விட்டதாம், மேலிடத்தில் மெத்தச் சந்தோசமாம். அடுத்த சனிக்கிழமை அதைத் தானே ஒலிபரப்பில் சொல்லப் போகிறார், மிஸ் தமிழில் அழகாகச் சொல்ல வேண்டும். றெனால்டின் முகம் மலர்ந்தது. மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அருவருப்பு வந்திராது என்று யசிந்தா நினைத்தாள்.

சொன்னபடியே அடுத்த சனிக்கிழமை கப்டன் தியாகத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். யசிந்தா பொறுமையாகக் கேட்டு முடித்தாள்.

"கப்டன் அடுத்த பாடலுக்குப் போகலாம் என்கிறார்" என்று தமிழில் சொன்னாள்.

றெனால்ட் கதவைத் திறந்து அவளை முறைத்தார். முகாமில் ரேடியோ கேட்ட, தமிழ் தெரிந்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் கப்டனிடம் வாய் திறக்கவில்லை.

அடுத்ததாக வாசித்தவன் மில்ரன். அவனை மறுபடியும் அழைத்திருந்தார்கள், அவனும் போயிருந்தான். ஏன் போகிறீர்கள் என்று அவள் கேட்டபோது, வாசிக்க ஆசையாக இருக்கிறது, அதுக்காகத்தான் என்று சொல்லிவிட்டு எஞ்சின் ஒன்றின் மூடியைக் கழற்றப் போய்விட்டான். அந்த மண்டபம், அந்தச் சீருடை, அந்தக் கப்டன் எல்லாம் அவளுக்கு முன்னைப்போலவேதான் நாறின. மில்ரனையும் அந்த வரிசையில் நிறுத்திப் பார்த்தாள். முன்னைப்போல அவன் அங்கே ஒழுங்காகப் பொருந்தவில்லை.

அவனுடைய பெயரைச் சரியாக உச்சரித்துச் சொன்னாள். வாசிப்பு முடியும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

இரவு வீட்டுக்கு வந்து அவன் கிளரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றித் துணியால் துடைத்தான். எப்படி இருந்தது என்று கேட்பான் என்று அவள் கொஞ்சநேரம் கதவடியில் நின்றாள். அவன் கேட்கவில்லை.