ஐந்தாவது தலை

சிங்கப்பூரின் சுவா சூ காங்கில், ஒன்பதாவது மாடியில், எனக்கு அடுத்த வீடு அங்கமுத்துவுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் அவ்வளவு கனமில்லை. நான் ஒட்டுக்கேட்கும் ரகமில்லை. காதில் விழுவதைத் தட்டிவிடுவதில்லை, அவ்வளவுதான்.

அவர் மகள் திவ்யதர்ஷினிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. கட்டணம் எட்டாயிரம் வெள்ளி. திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும். அங்கமுத்து சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிறார். அவர் மனைவி சுசீலா ஒரு பாலர் பள்ளியில் சமைக்கிறாள். இரண்டு சம்பளமும் சேர்ந்து நாலாயிரத்து எண்ணூறு. வரும்போதே வெளியே போகும் வழியை விசாரித்துக்கொண்டு வருகிற பணம் அது. அதனால் தேக்காவில் இருக்கும் ஓர் அறக்கட்டளையில் பர்சரி என்ற உதவித்தொகைக்கு விண்ணப்பம் வாங்கிவந்தார்கள்.

கணக்கு எளிதானது. குடும்ப வருமானத்தை வீட்டில் இருக்கும் தலைகளால் வகுக்க வேண்டும். தலைக்கு ஆயிரத்து ஐந்நூறுக்குள் வந்தால் பாதிக் கட்டணம். ஆயிரத்துக்குள் வந்தால் முழுக் கட்டணம். அப்பா, அம்மா, திவ்யா, அவள் தம்பி ரித்திக். நாலு தலைக்கு வகுத்தால் ஆயிரத்து இருநூறு. பாதி நிச்சயம். மீதியை எப்படியாவது புரட்டியிருப்பார்கள். அங்கமுத்து அதோடு நின்றிருக்கலாம்.

ஆனால் ஐந்தாவது தலை ஒன்று அவர் கண்ணில் பட்டது. அது சோபாவில் படுத்துக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தது.

ரெங்கசாமி, சுசீலாவின் தம்பி. மனைவியைப் பிரிந்தபின் மூன்று வருடமாக அங்கேதான் சாப்பாடு, தூக்கம், அடையாள அட்டை முகவரி எல்லாம். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் ஏதோ வேலை. என்ன வேலை என்றால், "கான்ட்ராக்ட் லா. இருந்தா இருக்கும், இல்லன்னா இல்ல" என்பான். திவ்யாவின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீராக அவன் கொண்டுவந்தது ஒரு டஜன் வளையலும் ஒரு சீப்பு வாழைப்பழமும். "பாவம், அவன் நெலம அப்படி" என்று சுசீலாவே பட்டுப்பாவாடை வாங்கி, அவன் கையில் கொடுத்து, சபையில் அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். எனக்குத் தெரியும். கடைக்குக் கூடப்போய் நிறம் பார்த்தவள் நான்தான்.

"மச்சான், ஒன் பேரையும் எழுதுறேன். அஞ்சு பேருன்னா முழு ஃபீஸும் வந்துரும்" என்றார் அங்கமுத்து.

"என் பேரு எதுக்கு அத்தான்? நான் சும்மா வந்துபோற ஆளு."

"மூணு வருஷமாவா வந்துபோற? வருமானம் என்னன்னு போட?"

ரெங்கசாமி தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நெலையா இல்லன்னு போடுங்க."

அங்கமுத்து அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

சனிக்கிழமை அறக்கட்டளையில் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரையும் வரச்சொன்னார்கள். எனக்கும் தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்க வேண்டியிருந்ததால் கூடவே போனேன். கவுண்டரில் உமாமகேஸ்வரி என்ற பெண். "பெரியவங்க எல்லாரோட சிபிஎஃப் சேமநிதிக் கணக்கும் பாக்கணும். மாசச் சம்பளம் அதுல தெரியும்" என்றாள்.

"பாஸ்வேர்ட் மறந்துட்டேன்மா" என்றான் ரெங்கசாமி.

"பாஸ்வேர்ட் வேணாம் அங்கிள். ஃபோன்ல மொகத்தக் காட்டுங்க, தொறந்துரும்."

"கண்ணாடி போட்டா எடுக்காது."

"கழட்டிருங்க."

கழற்றினான். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"கண்ணத் தொறங்க அங்கிள்."

"கூசுதும்மா."

"தொறடா" என்றாள் சுசீலா.

திறந்தான். மூன்று வருடம் சோறு போட்ட அக்காவுக்குத் தெரியாத முகம் ஃபோனுக்கு உடனே தெரிந்துவிட்டது. உமாமகேஸ்வரி கணக்கைப் பார்த்தாள்; அங்கமுத்துவையும் ஒருமுறை பார்த்தாள். "அண்ணே, இவரு சம்பளம் ஏழாயிரத்து எரநூறு. ஒரு மாசம்கூட விடாம வந்திருக்கு."

மொத்தம் பன்னிரண்டாயிரம். ஐந்தால் வகுத்தால் தலைக்கு இரண்டாயிரத்து நானூறு. முழுசும் போயிற்று, பாதியும் போயிற்று.

"அவன் பேர அடிச்சிருங்கம்மா" என்றார் அங்கமுத்து.

"நீங்கதானே எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க? அட்ரஸும் அங்கதான் இருக்கு. எடுக்க முடியாதுண்ணே."

வீட்டுக்குப் போனதும் நடந்ததைக் கேட்க எனக்குச் சுவர் தேவைப்படவில்லை. முருங்கைக்காயில் பாதியைக் கொடுக்க நானே போயிருந்தேன். சுசீலா தம்பிக்கு எப்போதும்போல் சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றி, எதிரில் உட்கார்ந்தாள்.

"மஞ்சத்தண்ணிக்கு என்னடா செஞ்ச?"

"வளையல்க்கா."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

ரெங்கசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "சொன்னா சீர் கேப்பீங்கன்னுதான்" என்றான். மூன்று வருடத்தில் அவன் சொன்ன முதல் உண்மை. பிறகு, "நான் வேணா வேற ரூம் பாத்துட்டுப் போயிர்றேன்" என்றான்.

"போ. ரூமுக்கு ஆயிரம் ஆவும். கொழம்பு யாரு வைப்பா?"

அவன் தட்டைப் பார்த்தான். அதுவரை அறை வாசலில் நின்றிருந்த திவ்யா, "விடுங்கம்மா. நான் இந்த வருஷம் போகல. வேலைக்குப் போயிட்டு, காசு சேத்து அப்புறம் பாத்துக்கறேன். மாமா சாப்பிடட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் சாப்பிட்டு முடித்திருப்பான். அவள் தண்ணீரும் எடுத்துவந்து வைத்தாள்.

சோற்றில் இருந்த ரெங்கசாமியின் கை அப்படியே நின்றது. "நீ எங்கயும் போவேணாம். காலேஜுக்குப் போ. ஃபீஸ நான் கட்டுறேன்" என்றான்.

சுசீலா விடவில்லை. "சும்மா கட்டிட்டு வந்து நிக்காத. தாய்மாமன் சீரா மொறையா செய்."

ஞாயிறு மாலை, மின்தூக்கியிலிருந்து வீட்டு வாசல் வரை ஐந்து தட்டுகள் வந்தன. முன்னால் வேட்டி கட்டிக்கொண்டு ரெங்கசாமி. எதிர்வீட்டு முகமது இஸ்மாயில் கதவைத் திறந்து, "யாருக்குண்ணே கல்யாணம்?" என்று கேட்டார்.

"கல்யாணம் இல்ல பாய், ஃபீஸ்" என்றார் அங்கமுத்து.

தேங்காய், பழம், இனிப்பு, ஒரு பட்டுப்புடவை. நடுத்தட்டில் வெற்றிலை பாக்கின்மேல் பல்கலைக்கழக ரசீது. அந்தத் தட்டு என் கையில் இருந்ததால் வாசிக்கும்படி ஆயிற்று. எட்டாயிரமும் கட்டியிருந்தான். 'முதலாம் ஆண்டு' என்று போட்டிருந்தது. படிப்பு நாலு வருடம். திவ்யா காலில் விழுந்து எழுந்தாள். ரெங்கசாமி, எல்லாவற்றையும் முடித்துவிட்டவனைப்போலக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். நான் சுசீலாவைப் பார்த்தேன். இப்போது வேண்டாம் என்பதுபோல் அவள் லேசாகத் தலையை ஆட்டினாள். மீதி மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல, இன்றைக்கு அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.