பகலவன் வரைந்த அலமாரி

1

இந்தக் கதை எனக்கு மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. ‘ஒழுங்கும் குலைவும்’ என்று ஆறு பேர் சேர்ந்து நடத்திய ஓவியக் கண்காட்சி. ஒழுங்குக்கு ஒரு சுவர், குலைவுக்கு எதிர்ச்சுவர். நடுவில் ஜெயசுதா நின்றிருந்தாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: அவள் ஒரு மேகத்தைப் போல

(வேண்டாம். அவள் ரிஷிவந்தியத்தில் ஓவிய ஆசிரியை.)

2

ஜெயசுதா தன் கணவன் பகலவனை விட்டுப் பிரிந்து நான்கு வருடம். அவன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவன். கழற்றிய சட்டை எங்கே விழுந்ததென்று அவனுக்கே தெரியாது. பின்னாலேயே போய் எடுத்து மடித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்பினாள். அதன்பின் ஞாயிறுதோறும் வெள்ளிமலைக்குப் பேருந்தேறி, பனிமூட்டத்துக்குள் எதையும் சரிசெய்யாமல் உட்கார்ந்திருந்தாள். அதைத்தான் வரைந்திருந்தாள்: சாம்பலும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, எது மலை எது வானம் என்றே தெரியாமல். குலைவுச் சுவரில் மாட்டினார்கள்.

எதிரே, ஒழுங்குச் சுவரில், ஆளுயரத்துக்கு ஒரு சமையலறை அலமாரி. அவள் அடுக்கிய அதே டப்பா வரிசை. கீழே பகலவன் பெயர்.

(பகலவனைக் கெட்டவனாக எழுதி வைத்திருந்தேன். இங்கே வந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டியதாயிற்று.)

3

சன்னல் வழியே சாரல் வந்தது. மண்டபம் எங்கோ விலகிப்போய், அந்தப் பழைய சமையலறைக்குள் நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு. கை தானாக நீண்டது. பின்னால் அவன் வந்து நின்றதும் தெரிந்தது.

“உப்பு டப்பா கீழ்த்தட்டுல இருக்கும். மேல வெச்சிக்கிற,” என்றாள், திரும்பாமல்.

“நீ போன அன்னிக்கு நான் எடுத்து வெச்சது. மத்ததுல கையே வெக்கல.”

பிறகு அவன் அவளுடைய படத்தின் முன் போய் வெகுநேரம் நின்றான். இதில் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

“தேடாத. வூடு இல்ல அதுல.”

நன்றாக இருக்கிறது என்றான். கிண்டல் இல்லை, கூர்ந்து பார்த்துத்தான் எழுதுகிறேன். மாலையில் படங்களைக் கழற்றும்போது, வீட்டுக்கு வருகிறாயா என்று மெதுவாகக் கேட்டான்.

4

நான் எழுதிய ஒரு முடிவில் அவள் அவனோடு போனாள். (மறுநாளே மடிக்க ஆரம்பித்துவிடுவாள் என்று பயந்து அதை அடித்துவிட்டேன்.) இன்னொன்றில் மலைப் பேருந்து ஏறினாள். (அவனை அந்த அலமாரியோடு தனியே விட மனம் வரவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். அலமாரிப் படம் ஒருவரால் தூக்க முடியாத கனம். ஜெயசுதா ஒரு முனையைப் பிடித்தாள். இருவருமாகப் படியிறங்கினார்கள். தெருவில் இடப்பக்கம் போனால் பேருந்து நிலையம். வலப்பக்கம் அவன் வீடு.

நான் மாடியிலேயே நின்றுவிட்டேன். வாசல்வரை நீங்கள் போய்ப் பாருங்கள்.