பல்செட் விழாது

1

இந்தக் கதை ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் எனக்குக் கிடைத்தது. திருடியது என்றும் சொல்லலாம். கடைவாய்ப் பல் ஒன்றை அடைக்கப் போயிருந்தேன். எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆறு நோயாளிகள், ஒருவர் முகத்திலும் உயிரில்லை. உள்ளேயிருந்து ஒரு பெரியவர், வாயில் பஞ்சோடும் மரத்துப்போன தாடையோடும் வந்து உட்கார்ந்தார். ரத்தம் நிற்கும்வரை இருந்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள்.

அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. சீட்டு கொடுக்கும் பெண்ணிடம் எதையோ சொல்ல ஆரம்பித்தார். ஒரு வார்த்தைகூட முழுசாக வெளியே வரவில்லை. பாதிக்குப் பாதி பஞ்சிலேயே தங்கிவிட்டது. ஆனால் எங்கே நிறுத்துவது, எங்கே புருவத்தைத் தூக்குவது, எவ்வளவு நேரம் ஒன்றுமே சொல்லாமல் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பது என்பதெல்லாம் [இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. இப்படியே கிடக்கட்டும்]. மூன்றாவது நிமிஷத்தில் ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கன்னம் வீங்கிய ஒரு பெண்மணி, "தயவுசெஞ்சு நிறுத்துங்க, வலிக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கெஞ்சினார்.

அவர் என்ன சொன்னார் என்பது எங்களில் யாருக்கும் புரியவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் போனபிறகு சீட்டுப் பெண் சொன்னாள்: "மேடையில தனியா நின்னு ஜோக் சொல்றவரு. சனிக்கிழமை நிகழ்ச்சி இருக்காம். வியாழக்கிழமைக்குள்ள பல்செட் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

மேடை, பல்செட். நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பல்செட் விழாது. எழுதுகிறவன் வாக்குக் கொடுக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "நாற்பத்தைந்து ஆண்டுகள் உலகைச் சிரிக்க வைத்த அந்தக் கலைஞனின் கண்களில் அன்று..." [அடித்தாயிற்று. கண்களில் வேறென்ன இருக்கும். எழுதும்போதே கொட்டாவி வந்தது.]

இரண்டாவது: "சிரிப்பு என்பது என்ன?" [போனில் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். "அடுப்புல பால் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்றாள்.]

மூன்றாவது:

அண்ணன் வீட்டுக்குள் வந்ததும் மேல்கோட்டைக் கழற்றிச் சோபாவில் வீசினார். [சரி, இது ஓடும். நாற்பத்தைந்து வருஷமாக அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.]

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்.* மேஜையில் உட்கார்ந்து மறுநாள் யார் யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"எழுந்து நின்னுட்டாங்க" என்றார் அண்ணன்.

"யாரு?"

"எல்லாரும்தான். முந்நூறு பேரு. நான் உள்ள நுழைஞ்சதும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. முடிச்சதும் மறுபடி எழுந்து தட்டினாங்க."

"நல்லதுதானே. அதுக்கு ஏன் முகத்தை இப்படி வெச்சிருக்கீங்க?"

"மொத்தக் கூட்டமும் எப்ப எழுந்து நிக்கும்? சவ வண்டி போறப்ப."

மனைவி பேனாவைக் கீழே வைத்தார். "சிரிச்சாங்களா இல்லையா?"

"புன்னகை பண்ணாங்க. முந்நூறு பேரும் என்னைப் பார்த்துப் பாசமா புன்னகை பண்ணாங்க. வந்தவன் போனவன் எல்லாம் ஐயாங்கறான். அண்ணேன்னு கூப்பிடறவன் சிரிப்பான். ஐயான்னு கூப்பிடறவன் கைதட்டுவான்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கைதட்டல் என்பது யோசித்துச் செய்வது. பாவம், வயசானவர், தட்டிவிடுவோம் என்று தட்டலாம். சிரிப்பு நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அண்ணனுக்கு வேண்டியது அந்தக் கேட்காமல் வருகிற சத்தம்தான். மரியாதை அவருக்கு வீடு நிறைய இருக்கிறது. கேடயமாகவும் கண்ணாடிக் கோப்பையாகவும் அலமாரியில் தூசி படிந்துகொண்டிருக்கிறது.

"சனிக்கிழமை ஒண்ணு ஒத்துக்கிட்டிருக்கேன்" என்றார் அண்ணன். "அங்கயும் தட்டினாங்கன்னா அதோட சரி. மைக்கைக் கீழ வெச்சிடறேன்."

"பல்லு?"

"வியாழக்கிழமை தர்றாங்க."

மனைவியின் வலது கால் மேஜைக்கு அடியில் தரையை ஒரு அழுத்து அழுத்தியது. பயிற்சிக் காரில் அவர் பக்கத்துக்கும் ஒரு பிரேக் உண்டு. முப்பது வருஷமாக மிதித்து மிதித்து, வீட்டிலும் ஏதாவது தப்பாகப் போனால் அந்தக் கால் தானாகவே மிதிக்கும்.

* உண்மையில் அவர் மனைவி என்ன வேலை பார்த்தார் என்பது எனக்குத் தெரியாது. இந்த வேலையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

3

இங்கேதான் வண்டி நின்றது. சிரிக்க வைப்பவரைப் பற்றிக் கதை எழுதினால் அவர் சொல்லும் ஒரு ஜோக்கையாவது எழுதியாக வேண்டும். எனக்கு வராது. என் கடைசி மூன்று கதைகளுக்கும் வந்த கடிதங்களில் "மனம் நெகிழ்ந்தது" என்று இருந்தது. அந்த மூன்றில் ஒன்றை நான் நகைச்சுவைக் கதை என்று நினைத்து எழுதியிருந்தேன்.

அண்ணன் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "[இங்கே ஒரு ஜோக்]". கூட்டம் சிரித்தது.

அண்ணன் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "ஒருத்தர் டாக்டர்கிட்ட போனாராம்..." [வேண்டாம். அந்த ஒருத்தர் இன்னும் எத்தனை தடவைதான் போவார்.]

ஆகவே வியாழக்கிழமை காலை, அடைத்த பல்லில் வலி இருப்பதாக ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு, எழுதிய ஐந்து தாள்களோடு மறுபடியும் போனேன். அண்ணன் புதுப் பல்செட்டோடு வெளியே வந்தார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அது ஒரு 'டொக்' சேர்த்தது.

"தம்பி, என்ன அது?" என்றார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த வருஷம் என்னைத் தம்பி என்று கூப்பிட்ட ஒரே மனிதர் அவர்தான். தாள்களை நீட்டிவிட்டேன்.

நாற்காலியில் சாய்ந்து படித்தார். இரண்டாம் பகுதியில் நெடுநேரம் நின்றார்.

"எழுந்து நின்னாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானா எழுதினேன்."

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். "இந்த டிரைவிங் வேலை என் வீட்டுக்காரிக்கு நல்லாயிருக்கு, மாத்தாதீங்க. ஆனா என்னை ஏன் இவ்வளவு நல்லவனா எழுதியிருக்கீங்க? இந்த ஆளைப் பார்த்து எவன் சிரிப்பான்?"

"அது ஒரு மரியாதைக்கு..."

"நீங்களும் கைதட்டறீங்க, தம்பி." டொக்.

முகம் சுருங்கிவிட்டது எனக்கு. அவர் சொன்னது உண்மை. எழுதத் தொடங்கிய நாளிலிருந்து நான் அவருக்காக எழுந்து நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"அப்ப என்ன எழுதட்டும்?"

"உள்ளதை எழுதுங்க. புருவத்துக்குச் சாயம் அடிக்கிறேன். எழுபத்திரண்டை அறுபத்தெட்டுன்னு சொல்றேன். இன்னொருத்தன் ஜோக் நல்லா இருந்தா வயிறு எரியும். அவன் முடிக்கப்போற வரி வரும்போது சரியா இருமிடுவேன். நாற்பத்தஞ்சு வருஷமா இருமறேன், எல்லாரும் எனக்கு ஆஸ்துமான்னு நினைச்சிட்டிருக்காங்க. ஒருத்தன் மருந்துகூட வாங்கிக் கொடுத்தான்."

"குடிச்சீங்களா?"

"அவன் எதிர்ல எப்படிக் குடிக்காம இருக்கிறது?"

அறையில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் நிமிர்ந்தார். சிரித்தவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். என் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் சரசரவென்று எழுத ஆரம்பித்தார். பல்லைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். பொய் சொன்னதற்குத் தண்டனையாக நல்ல பல்லைக் குடைந்து பார்த்து அனுப்பினார்கள். வெளியே வந்தபோது அண்ணனும் இல்லை, என் கதையும் இல்லை.

4

[இதற்கு மேல் ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். சனிக்கிழமை நான் அங்கே இருந்தேனா என்று கேட்காதீர்கள்.]

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. நடத்துபவர் மைக்கில் ஏழு நிமிஷம் அண்ணனின் பெருமைகளை வாசித்தார். ஒவ்வொரு பட்டத்துக்கும் அண்ணனுக்கு ஒரு வயது கூடியது. திரைக்குப் பின்னால் அவர் நாக்கால் பல்செட்டை மேலே அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே நுழைந்தார். முந்நூறு பேரும் எழுந்தார்கள். தட்டினார்கள்.

மூன்றாவது வரிசையில் மனைவி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் மைக்கின் முன்னால் நின்று, கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தார். பிறகு வலது பக்கம் கையைக் காட்டினார். "எழுந்தது எழுந்துட்டீங்க. இப்படியே போனா வாசல்."

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அப்போது ஐந்தாவது வரிசையிலிருந்து ஒருவர், பாவம், எவ்வளவு நேரமாக அடக்கிக்கொண்டிருந்தாரோ, குனிந்தபடி வலது பக்கம் நடந்து கழிப்பறைக்குப் போனார்.

அண்ணன் அவர் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். "பரவாயில்ல. ஒருத்தராவது பெரியவங்க சொல்றதைக் கேக்கறாரு."

சத்தம் பின்வரிசையில் கிளம்பி முன்னால் வந்தது. உட்கார மறந்து, நின்றபடியே சிரித்தார்கள்; சிரித்து ஓய்ந்தபிறகுதான் உட்கார்ந்தார்கள். அண்ணனின் நாக்கு பல்செட்டை அழுத்துவதை விட்டது. சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்தார். [என் கதை. மடிப்பு கலைந்திருந்தது.] பின்பக்கம் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார்: சாயம், வயசு, இருமல், மருந்து. முன்வரிசையில் நாலு பேர் அவர் தொழில்காரர்கள்; தங்கள் வரிகள் எந்தெந்த ஊரில் எந்த இருமலில் செத்தன என்று அவர்கள் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. அதில் ஒருவர் நாற்காலியிலிருந்தே, "அண்ணே, அந்த மருந்து நான் வாங்கிக் கொடுத்தது" என்று கத்தினார்.

கழிப்பறைக்குப் போனவர் திரும்பி வந்தார்.

"வாங்க" என்றார் அண்ணன். "நீங்க போனப்புறம்தான் நல்லாப் போச்சு. இப்ப என்ன பண்றது?"

இதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. மகிழ்ச்சியாக இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

5

கதையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் அண்ணனிடம் ஒரு பழைய நகைச்சுவைத் துண்டு உண்டு. எங்கே போனாலும் கடைசியில் அதைக் கேட்பார்கள். எல்லோருக்கும் மனப்பாடம்.

அதை ஆரம்பித்தார். நன்றாகத்தான் போனது. கடைசி வரிக்கு முன்னால் வழக்கமான நிறுத்தம் வந்தது. அந்த நிறுத்தத்தில் அண்ணன் பார்த்தார்: முந்நூறு ஜோடிக் கைகள் மடியிலிருந்து மேலே எழுந்துவிட்டன. வரி தெரியும், தட்டத் தயார். பாசமான முகங்கள். அந்த முகங்களுக்கு அவர் மறுபடியும் ஐயாவாகிவிட்டார்.

அதே சமயம் மேல்பல் வரிசை நழுவத் தொடங்கியது.

[இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பல்செட் முன்வரிசைக்காரர் மடியில் விழுகிறது. சிரிப்பு கூரையைப் பிய்க்கிறது. ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இன்னொன்றில் நாக்கால் தாங்கிப் பிடித்து வரியை ஒழுங்காகச் சொல்கிறார். ஐந்து நிமிஷம் தட்டுகிறார்கள். மைக் கீழே போகிறது. மூன்றாவதை எழுதி முடிக்கவில்லை, ஏனென்றால் அண்ணன்]

அண்ணன் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, பல்செட்டை மொத்தமாக எடுத்தார். என் தாளில் சுற்றினார். சட்டைப் பையில் போட்டார். யாரும் விழவைக்கவில்லை, அதுவும் விழவில்லை. எழுதுகிறவனின் வாக்கு காப்பாற்றப்பட்டது. வாக்கு கொடுத்தவனைத்தான் யாரும் கேட்கவில்லை.

பொக்கை வாயால், புருவத்தைத் தூக்கி, கடைசி வரியைச் சொன்னார். மனப்பாடமான வரி அல்ல, புதுசு. அது மட்டும் தெரிந்தது. ஒரு வார்த்தைகூட முழுசாக வெளியே வரவில்லை. நான் எழுதத் தெரியாமல் விட்ட ஜோக் அதுதான். இனி எழுதவும் வேண்டியதில்லை.

கைகள் பாதி உயரத்தில் நிற்கின்றன. மூன்றாவது வரிசையில் ஒரு வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது. ஒன்று. இரண்டு. கால் மெதுவாக மேலே எழும்புகிறது.

அடுத்து வரவேண்டிய சத்தம் என்னிடம் இல்லை. அதை எழுதி ஒப்பேற்றவும் முடியாது. எழுதிக் காட்டுகிற சிரிப்பும் கைதட்டலில்தான் சேரும். அண்ணன் மேடையில் பல்லில்லாமல் நின்றுகொண்டு, நேராக உங்களைத்தான் பார்க்கிறார். உங்களுக்கு எது வருகிறதோ அதைச் செய்யுங்கள்.

எழுந்து மட்டும் நிற்காதீர்கள்.