எடுத்து வைத்த மாவு

அன்று நடந்ததெல்லாம் எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பது சந்தேகம்தான். மருமகனுக்கு, அதாவது என் தங்கை மகனுக்கு, அப்போது இரண்டு வயது. நானும் தங்கையும் அவனைத் தூக்கிப் போயிருந்த சுகாதார நிலையத்தில், எடைக்கருவியின் முள் முந்தைய மாதம் நின்ற இடத்திலேயே நின்றது.

"நாங்க தர்ற சத்துமாவைக் கொடுக்கிறியா, இல்லையா?" என்று செவிலி என் தங்கையிடம் கேட்டார்.

தங்கை பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"பாதிதான் கொடுக்கிறேன். பிள்ளை தேறிட்டா நிறுத்திடுவீங்களே, அதான் மீதியை எடுத்து வைக்கிறேன்."

"யாருக்கு, வண்டுக்கா? எடை ஏறினாலும் அஞ்சு வயசு வரைக்கும் மாவு உண்டும்மா."

"நிஜமாவா அக்கா?"

"உன் அண்ணனே சாட்சி, போதுமா?"

அன்று மாலை தங்கை கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சினாள். அவன் கிண்ணத்தை வழித்துத் தின்றான்.

சொன்னபடியே மாவு வந்தது. மருமகன் இப்போது என்னைவிட உயரம், பேருந்து ஓட்டுகிறான். தங்கை அவனோடு இருக்கிறாள். செவிலி ஓய்வுபெற்றுவிட்டார். எனக்குக் கண் மங்கிவிட்டது.